மலர்கொடியின் வில்லும் கொளஞ்சிநாதனின் வயிற்றெரிச்சலும்

கொளஞ்சிநாதனைப் பொறாமைக்காரர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர் கார் வாங்கியபோது முதல் ஆளாகப் போய்ச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தவர் அவர்தான். கூடவே வேலைக்குச் சேர்ந்தவர்கள் ஃபோர்மேன் ஆகித் தலைக்கு மேலே போனபோதும், 'போறான் போ, அவனுக்கு எழுத்து வேலை வருது' என்று விட்டுவிட்டவர். ஊரில் அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் கொல்லை கூடக்குறையப் போனதற்குக்கூட அவர் வாயைத் திறந்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு ஐம்பது வயதில் வயிறு எரிய ஆரம்பித்தது. அதுவும் யாரைப் பார்த்து? தாலி கட்டிக் கூட்டிவந்த மலர்கொடியைப் பார்த்து. வெளியே சொன்னால் சிரிக்க மாட்டார்களா? அதனால் சொல்லாமல் உள்ளேயே வைத்துப் புழுங்கினார்.

அவர் நிலக்கரிச் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில் வெல்டர். பெர்மனென்ட். மண்ணை வாரும் பெரிய இயந்திரத்தின் சக்கரத்தில் வரிசையாக வாளிகள் இருக்கும். ஒவ்வொரு வாளியின் வாயிலும் இரும்புப் பற்கள் இருக்கும். அந்தப் பற்கள் தேய்ந்து மொட்டையாகி ஒர்க்‌ஷாப்புக்கு வரும். கொளஞ்சிநாதன் அதன்மேல் வரிவரியாக வெல்டு வைத்து, மறுபடி பல்லாக்கி அனுப்புவார். இருபத்தேழு வருஷமாக இதுதான் வேலை. அவர் வைக்கும் வரி நெருக்கித் தொடுத்த மல்லிகைச் சரம் மாதிரி இருக்கும். ஆனால் என்ன பிரயோசனம்? அவ்வளவு அழகும் மண்ணுக்குள்ளே போய்த் தேய்ந்து திரும்பி வந்துவிடும். அந்த நிலக்கரி எரிந்து எங்கெங்கோ விளக்கு எரிகிறது. கொளஞ்சிநாதன் வைத்த பல்லை நினைத்துக்கொண்டு சுவிட்ச் போடுகிறவன் எவன் இருக்கிறான்?

போகட்டும், ஊர் வேண்டாம். வீட்டில் ஒருத்தி சொல்லலாமே. அதுதான் அவருடைய ஒரே ஆசை. துணி காயப்போட ஸ்டாண்டு செய்து கொடுத்திருக்கிறார். துளசிச் செடியை மாடு மேயாமல் இருக்க வளைவு வளைவாகக் கம்பிவேலி செய்து வைத்திருக்கிறார். மலர்கொடி வந்து பார்ப்பாள், கையால் தடவுவாள், "ம்" என்பாள், போய் உலை வைப்பாள். 'நல்லா செஞ்சிருக்கீங்க' என்ற ஒரு சொல்லைக் கல்யாணமாகி இருபத்தைந்து வருஷத்தில் அவர் கேட்டதே இல்லை. கேட்டு வாங்குகிற சொல்லா அது?

இப்படி இருக்கும்போதுதான் வில் வந்தது.

மகன் ஜெயப்பிரகாஷ் கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்த கையோடு அம்மாவுக்கு ஒரு டச் போன் வாங்கிக் கொடுத்தான். அது இரண்டாயிரத்துப் பதினாலு. முதலில் குழம்பு பார்த்தாள், அப்புறம் கோலம் பார்த்தாள். ஒரு மத்தியானம் கூடை பின்னுவதைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஏதோ ஒரு காட்டில் ஒரு ஆள் உட்கார்ந்து மூங்கிலைச் சீவி வில் செய்வது போனில் வந்தது. நாலு தடவை திரும்பத் திரும்பப் பார்த்தாள்.

"இத நான் செய்வங்க" என்றாள்.

"செய்யி, செய்யி. செஞ்சி யார் மேல விடப்போற?" என்று சிரித்தார் கொளஞ்சிநாதன்.

அவள் சிரிக்கவில்லை. அடுத்த வாரமே பண்ருட்டிக்குப் போய், ஏணி செய்து விற்கிற கடையில் உள்ளே பொள்ளல் இல்லாத கெட்டி மூங்கிலாகப் பார்த்து வாங்கி, பஸ் கண்டக்டரிடம் மல்லுக்கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். அதைப் பிளந்து, வெயில் படாமல் கட்டிலுக்கடியில் போட்டு எட்டு மாசம் உலர்த்தினாள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து காலையில் படுக்கும்போதெல்லாம், கட்டிலுக்குக் கீழே இன்னொரு ஆள் படுத்திருப்பதுபோல் கொளஞ்சிநாதனுக்கு ஒரு உறுத்தல். அவள் வேறு அடிக்கடி குனிந்து குனிந்து அதைத் தொட்டுப் பார்த்துக்கொள்வாள். காய்ச்சலாகக் கிடந்தால்கூட இவர் நெற்றியை அவள் அத்தனை தடவை தொட்டதில்லை.

முதல் ஐந்து வில்லும் உடைந்தன. ஒன்று வளைக்கும்போதே போயிற்று. ஒன்று நாலு அம்பு தாங்கிற்று. உடைந்ததையெல்லாம் அவள் வெந்நீர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள். ஒவ்வொன்று உடைந்த அன்றும் கொளஞ்சிநாதன் மெயின் பஜாரிலிருந்து பக்கோடா வாங்கிவந்தார். எதற்கு வாங்குகிறோம் என்று அவருக்கே அப்போது புரியவில்லை.

ஆறாவது வில் நின்றது.

அதற்கப்புறம் அவள் கையில் ஒரு தேர்ச்சி வந்துவிட்டது. வில்லின் இரண்டு பாதியும் ஒரே மாதிரி வளைய வேண்டும். அதற்காகப் பின்கட்டில் பலாமரத்துக் கிளையில் வில்லை மாட்டி, கயிறு கட்டி மெல்ல இழுத்துப் பார்ப்பாள். எந்த இடம் முரண்டு பிடிக்கிறதோ அங்கே உடைந்த கண்ணாடித் துண்டால் ஒரு இழை சுரண்டுவாள். மறுபடி மாட்டுவாள், மறுபடி இழுப்பாள். பத்து தடவை பார்த்தால் ஒரு தடவை சுரண்டுவாள். கடைசியாகத் தணலில் காட்டி வாட்டி, வேப்பெண்ணெய் தடவி, நடுவில் பிடிக்கிற இடத்தில் பழைய புடவைக் கரையைக் கிழித்துச் சுற்றுவாள். டவுன்ஷிப் மயில்கள் ரோட்டில் உதிர்த்துவிட்டுப் போன இறகைப் பொறுக்கிவந்து நாணல் தட்டையில் கட்டினால் அம்பு ஆயிற்று. சாக்கில் தேங்காய் மட்டையை அடைத்து மரத்தில் கட்டிவைத்து, அதைக் குறிவைத்து விடுவாள். இருபது அடி தூரத்தில் அம்பு போய்ச் சொத்தென்று சொருகும்.

ஒருநாள், பாதி செய்த வில்லைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"எப்டிங்க இருக்குது?"

அது அவ்வளவு நன்றாக இருந்தது. அதுதான் வினையாகப் போயிற்று. தொட்ட கைக்கு எங்கேயும் ஒரு சிலாம்பு தட்டவில்லை. கொளஞ்சிநாதனுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு நல்ல வார்த்தை வந்தது. இருபத்தைந்து வருஷமாக நான் காத்துக்கொண்டிருக்கிறேனே, எனக்கு யார் சொன்னார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"கட்டதான, என்னா இருக்குது இதுல" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அவள் வாங்கிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு அவரிடம் எந்த வில்லையும் காட்டவில்லை. அவரும் பின்கட்டுப் பக்கமே போகவில்லை. அவள் வில்லுக்கு நாண் ஏற்றுகிற சமயம் பார்த்து, செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுவார். பார்க்காவிட்டால் எரியாது என்று நினைத்தார். பார்க்காமல் இருந்தால் இன்னும் ஜாஸ்தியாக எரியும் என்று யார் அவருக்குச் சொல்வது?

குவார்ட்டர்ஸ் பிளாக்கே வந்து பார்த்தது. ஸ்கூல் வாத்தியார்கள் வந்தார்கள். இரண்டு தெரு தள்ளியிருக்கிற, இவர் முகம்கூட அறியாத ஆபீசர் வீட்டு அம்மா வந்து வில்லைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக் கனகம் தன் சொந்தக்காரர்கள் யார் வந்தாலும் காப்பி கொடுத்த கையோடு இங்கே கூட்டிவந்துவிடுவாள். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்த ஒரு கான்ட்ராக்ட் ஆள் இவரைப் பார்த்து மரியாதையாக எழுந்து நின்றான். அட, நம் வெல்டைப் பார்த்திருப்பான் போல என்று கொளஞ்சிநாதன் ஒரு நிமிஷம் நிமிர்ந்தார்.

"அண்ணே, வில்லு செய்யற அம்மா வூட்டுக்காரரு நீங்கதான?" என்றான் அவன்.

அன்று அவர் வைத்த வரி கோணிப்போயிற்று.

இரண்டாயிரத்துப் பதினாறில் நவராத்திரிக்கு முந்தி பிளாக் கோயில் கமிட்டி சின்னதுரை வந்தார். விஜயதசமியன்று அம்மன் குதிரை வாகனத்தில் வந்து அசுரன் மேல் அம்பு போடுவது வழக்கம். அசுரனுக்குப் பதில் ஒரு வாழைமரம் நட்டிருப்பார்கள். அம்மனுக்காகக் குருக்கள் அம்பு விடுவார். வில் என்று பெயர், ஒரு குச்சியை வளைத்து நூல் கட்டியிருக்கும். அம்பு புறப்பட்ட மாதிரியே இருக்காது, குருக்கள் காலடியிலேயே விழும். போன வருஷம் அது அவர் பஞ்சகச்சத்தில் சிக்கி, எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"தங்கச்சி, இந்த வருஷம் நீதாம்மா வில்லு செஞ்சி குடுக்கணும். அம்மன் கையில நிசமான வில்லு இருக்கட்டும்" என்றார் சின்னதுரை.

மலர்கொடி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "செய்யறங்க" என்றாள். அவர் படியிறங்குமுன்பே மூங்கிலை எடுக்கக் கட்டிலுக்கடியில் குனிந்தாள். அவளை அப்படிச் சந்தோஷமாகக் கொளஞ்சிநாதன் பார்த்து வெகுகாலம் ஆகிறது.

நோட்டீஸ் வந்தது. மஞ்சள் தாளில், பத்தாம் நாள் நிகழ்ச்சிக்குக் கீழே, 'வில் உபயம்: திருமதி மலர்கொடி கொளஞ்சிநாதன்' என்று போட்டிருந்தது. கொளஞ்சிநாதன் அதை நாலு தடவை படித்தார். அந்தக் குதிரை வாகனம் ஏறி வருகிற வண்டியே அவர் செய்ததுதான். ஏழு வருஷத்துக்கு முன்னால் லீவு போட்டு, வெயிலில் குந்தி வெல்டு வைத்தது. அதற்கு எந்த நோட்டீஸில் பேர் போட்டார்கள்? ஒரு துண்டு போர்த்தினார்கள், முடிந்தது. இப்போது பேர் வந்திருக்கிறது, அதுவும் அவள் பேருக்கு வாலாக.

"உங்க பேரும் போட்டிருக்காங்க பாத்தீங்களா" என்றாள் மலர்கொடி, பெருமையாகத்தான்.

"பாத்தேன், பாத்தேன்" என்றார். அன்று ராத்திரிச் சோற்றில் உப்பு ஜாஸ்தி என்று கத்தினார். உப்பு சரியாகத்தான் இருந்தது.

விஜயதசமிக்கு ஆறு நாள் இருந்தது. வில் முடிந்து, முன்னறைச் சுவரில் இரண்டு ஆணியில் படுக்கவைத்தாற்போல் இருந்தது. நாண் தனியாகச் சுருட்டித் தொங்கியது. கம்மாபுரத்தில் அண்ணன் வீட்டில் பெண் பார்க்க வருகிறார்கள் என்று மலர்கொடி காலையிலேயே பஸ் ஏறிவிட்டாள். கொளஞ்சிநாதன் ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடிந்து இரண்டரைக்கு வந்தார், மூடிவைத்த சோற்றைச் சாப்பிட்டார், கையைத் துடைத்துக்கொண்டு வில்லுக்கு எதிரே நின்றார்.

அவர் உடைக்க நினைக்கவில்லை. இதை நம்ப வேண்டும். அதில் ஒரு குற்றம் கண்டுபிடிக்கத்தான் நினைத்தார். ஒரு இடம் கோணல், ஒரு இடம் தடிமன், ஏதாவது ஒன்று. அதை மனசில் வைத்துக்கொண்டால் விழா அன்று கொஞ்சம் நிம்மதியாக நிற்கலாம் என்பது கணக்கு. கையில் எடுத்தார். நாண் இல்லாதபோதே அது ஒரு பக்கமாக லேசாக வளைந்திருந்தது. எந்தப் பக்கம் வளைந்திருக்கிறதோ அந்தப் பக்கமே இன்னும் கொஞ்சம் வளைத்து நாணை மாட்டினார். வேறு எப்படி மாட்டுவார்கள்? அது சுலபமாக வந்தது. இவ்வளவு லேசா, இதற்கா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று அவருக்கு உள்ளூரக் குளிர்ந்தது. இடது கையில் பிடித்து, நாணைக் காதுவரைக்கும் இழுத்தார்.

படாரென்று ஒரு சத்தம். ஒரு பாதி தோளில் அடித்தது. இன்னொரு பாதி நாணில் தொங்கி முழங்காலில் இடித்தது.

பிறகு அவர் செய்ததை என்னவென்று சொல்வது? ஐம்பது வயது மனுஷன், ஜாம் பாட்டிலை உடைத்த பிள்ளைபோல, நாணை அவிழ்த்து முன்மாதிரியே சுருட்டித் தொங்கவிட்டார். இரண்டு பாதியையும் ஆணிக்கு நேர்கீழே, தானாக விழுந்து உடைந்த மாதிரி தரையில் போட்டார். சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போய், பேப்பரில் வந்த எல்லா விளம்பரத்தையும் படித்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்.

அவர் திரும்பியபோது மலர்கொடி வந்திருந்தாள். கட்டியிருந்த பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல், தரையில் உட்கார்ந்து ஒரு பாதியை மடியில் வைத்திருந்தாள். உடைந்த வாயில் விரலை வைத்து மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். அவரை ஒருதரம் ஏறிட்டுப் பார்த்தாள்.

"என்னா ஆச்சி?" என்றார் அவர், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

"ஒடஞ்சி கெடக்குது" என்றாள். அவ்வளவுதான்.

விஷயம் தெரிந்து சின்னதுரை மறுநாளே ஓடிவந்தார். "என்னாம்மா இப்டி ஆயிடுச்சி?" என்றார். கொளஞ்சிநாதன் உள்ளறையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான்தாங்க அதிகமா சுரண்டிட்டேன். என் தப்புதான்" என்றாள் மலர்கொடி.

கொளஞ்சிநாதனுக்கு மூச்சு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, சந்தோஷமும் வந்தது. அன்று ஒரு கை சோறு கூடுதலாகவே சாப்பிட்டார். ஒர்க்‌ஷாப்பில் கான்ட்ராக்ட் ஆள், "அம்மா வில்லு ஒடஞ்சிடுச்சாமே அண்ணே" என்றபோது, "கட்டதானப்பா, இரும்பா?" என்று சொல்ல நன்றாக இருந்தது. சாயங்காலம் குழாயடியில் கனகம் வேறு யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது: "வூட்ல அப்பேர்ப்பட்ட வேலக்காரரு இருக்கச்ச இவளுக்கு எதுக்குடி இந்த வேல. இருந்தாலும் அவரு கை வருமா?"

இத்தனை வருஷமாகக் கேட்க ஏங்கியது இதைத்தானே. கேட்டுவிட்டார். ஒரு ராத்திரி பூராவும் அது இனித்தது.

மூன்றாம் நாள் பார்த்தால், பின்கட்டு பெருக்கி வழிக்கப்பட்டிருந்தது. கண்ணாடித் துண்டுகள், கயிறு, உப்புத்தாள் எல்லாம் ஒரு சிமெண்ட் சாக்கில் கட்டி மூலைக்குப் போயிருந்தன. பலாமரத்தில் சாக்கு இல்லை. போன் சார்ஜ் இறங்கி அலமாரியில் கிடந்தது. மலர்கொடி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்குப் பதில் சொன்னாள், கேட்காவிட்டால் பேசவில்லை. வீடு அவர் கேட்ட மாதிரியே பழையபடி ஆகிவிட்டது. அவருக்குத்தான் உட்கார இடம் இல்லாததுபோல் இருந்தது.

வெந்நீர் அடுப்புப் பக்கம் உடைந்த வில் சாத்தி வைத்திருந்தது. மற்ற ஐந்தையும் உடைந்த அன்றைக்கே எரித்தவள், இதை எரிக்கவில்லை. கொளஞ்சிநாதன் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தார். உடைந்த பல்லைப் பார்த்து விரிசல் எங்கே ஆரம்பித்தது என்று சொல்வது அவருக்கு அன்றாட வேலை. மூங்கிலும் அவருக்கு அதே மாதிரி பதில் சொல்லிற்று. எதை வளைத்தாலும் வெளிப்பக்கம் இழுபடும், இழுபடுகிற பக்கம்தான் முதலில் கிழியும். மூங்கிலின் தோல் பக்கம் இழுவைக்குத் தாங்கும். அதனால் வில்லில் தோல் எப்போதும் வெளிப்பக்கம் இருக்க வேண்டும். இங்கே தோல் பக்கம் சேதமில்லாமல் இருந்தது. நாரெல்லாம் உட்பக்கத்தில் பிய்ந்து எழுந்து நின்றது. அப்படியானால் உட்பக்கத்தை வெளியே வைத்து வளைத்திருக்கிறது ஒரு கை. வில்லை மாற்றி வளைத்திருக்கிறது. அது எந்தக் கை?

வில்லில் ஒரு குற்றமும் இல்லை. இதை அவர் இரண்டு நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார் என்றால், அன்றைக்கு விரலை வைத்துத் தடவிக்கொண்டு அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தவளுக்கு?

துண்டோடு உள்ளே போனார்.

"இது உள்பக்கம் கிழிஞ்சிருக்குது" என்றார்.

"ஆமா" என்றாள் மலர்கொடி, வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"உனக்குத் தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"பின்ன எதுக்கு உன் தப்புன்னு சொன்ன?"

"நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துகினு இருந்தேன். நீங்க சொல்லல. உங்கள விட்டுக்குடுக்கறதுக்கு எனக்கு வாய் வரல" என்றாள். கத்தியைக் கீழே வைத்தாள். "அது எதுக்கு அந்தப் பக்கம் வளஞ்சிருந்துச்சி தெரியுமா உங்களுக்கு?"

அவர் கையிலிருந்த துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"நாம வளைக்கப் போறதுக்கு எதிர்ப்பக்கமா மொதல்லயே தணல்ல வாட்டி வளச்சி வச்சிடணும். அப்பறம் இழுத்தா வேகம் ஜாஸ்தி. அது அந்த வீடியோல இல்லங்க. எங்கப்பா வூட்டு வாசலுக்கு கேட்டுக்கதவு செஞ்சீங்களே, அப்ப உங்க பக்கத்துல குந்திகினு கேட்டேன், எதுக்கு தகட்ட கோணலா வக்கிறீங்கன்னு. வெல்டு வச்சா அது இழுக்கும், அதனால மொதல்லயே எதிர்ப்பக்கமா கொஞ்சம் வளச்சி வைக்கணும், அப்பத்தான் நேரா வந்து நிக்கும்னு சொன்னீங்க. அத வச்சித்தான் செஞ்சேன். அஞ்சி வில்லு ஒடஞ்ச பெறகு அதான் ஞாபகம் வந்துச்சி. எப்டி செஞ்சேன்னு ஒரு நாள் நீங்க கேப்பீங்க, அப்ப சொல்லலாம்னு வச்சிருந்தேன். நீங்க கேக்கவே இல்ல."

கொளஞ்சிநாதன் துண்டைச் சுவரில் சாத்தினார். தினம் தினம் தன் கையால் செய்கிற காரியம். அதை அவள் வில்லில் வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்தும் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. சீ, நீயும் ஒரு வேலைக்காரனா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

கோயிலில் பத்துப் பன்னிரண்டு பேர் பந்தல் வேலையாக இருந்தார்கள். சின்னதுரை ஏணிமேல் நின்று தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். கனகமும் இன்னும் நாலு பெண்களும் பூத் தொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"சின்னதுரை, அந்த வில்லு தானா ஒடையல. நான்தான் ஒடச்சேன்" என்றார் கொளஞ்சிநாதன். ரொம்பச் சத்தமாகச் சொல்லிவிட்டார்.

எல்லோரும் திரும்பினார்கள். சின்னதுரை நல்ல மனுஷன், இறங்கிவந்து ஒரு வழி காட்டினார். "கை தவறிட்டுதா அண்ணே? அதனால என்னா."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். வாய் வரைக்கும் வந்தது. கொளஞ்சிநாதன் அதை விழுங்கினார்.

"கை தவறல. நோட்டீஸ்ல அவ பேரு வந்துது. எனக்கு வயிறு எரிஞ்சிது. அதுல குத்தம் கண்டுபிடிக்கலாம்னு எடுத்தேன், மாத்தி வளச்சி ஒடச்சிட்டேன். அவ வேலையில ஒரு குத்தமும் இல்ல. அத சொல்லத்தான் வந்தேன்."

கனகத்தின் கையில் பூச்சரம் அப்படியே நின்றது. யாரோ ஒருத்தர் களுக்கென்று சிரித்தார், அப்புறம் நாலைந்து பேர் சிரித்தார்கள். சிரிக்க வேண்டிய விஷயம்தானே? கொளஞ்சிநாதன் அதையும் நின்று வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

அவர் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது. டவுன்ஷிப்பில் செய்திக்கு பஸ் வேண்டியதில்லை. மலர்கொடி சிமெண்ட் சாக்கை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். எய்து பழகிய பழைய வில்லை அம்மனுக்குக் கொடுக்க அவளுக்கு மனசில்லை. கட்டிலுக்கடியில் பாதி சீவிய இன்னொரு மூங்கில் கிடந்தது. மூன்று நாள்தான் இருந்தது. எதிர்ப்பக்கமாக வாட்டி வளைக்க நேரமில்லை, நேராகவே விட்டாள். "நான் எதனா புடிக்கட்டுமா?" என்று கேட்டார் கொளஞ்சிநாதன். "நீங்க ஒண்ணும் தொட வேணாம்" என்றாள். அவர் வாசலுக்குப் போகவில்லை. பின்கட்டில் தள்ளி உட்கார்ந்து, அவள் சுரண்டுவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். அவளும் போ என்று சொல்லவில்லை.

விஜயதசமியன்று குதிரை வாகனம் வண்டியில் ஏறி வந்தது. குருக்கள் வில்லை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழக்கதோஷத்தில் காலடியைப் பார்த்துக்கொண்டே நாணை இழுத்து விட்டார். அம்பு காலடியில் விழவில்லை. விர்ரென்று போய் வாழைமரத்தில் சதக்கென்று ஏறி, மயிலிறகு ஆட நின்றது. குருக்களே ஒரு நொடி திகைத்துப்போனார். கூட்டம் ஓவென்று கத்திற்று. பெண்கள் குலவை போட்டார்கள். சின்னதுரை மைக்கைப் பிடித்தார்.

"வில்லு உபயம் நம்ம மலர்கொடி தங்கச்சி. மொத வில்ல ஒடச்ச உபயம் கொளஞ்சி அண்ணன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அந்தப் பேர் அவருக்கு நிலைத்துவிட்டது. இன்றைக்கும் அந்த பிளாக்கில் வில்லொடிச்ச கொளஞ்சி என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். அவர் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

ஆனால் அன்று, மைக்கில் அவள் பேர் கேட்டபோது, மறுபடியும் எரிந்தது. எல்லாவற்றையும் சபையில் கொட்டிவிட்டு வந்த பிறகும் எரிந்தது. இனி எரியாது என்று நினைத்திருந்தவருக்கு அதுதான் ஆச்சரியம். மலர்கொடியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் நின்றாள். அம்மனைப் பார்த்துக்கொண்டே மெல்லக் கேட்டாள்.

"எரியுதா?"

இனிமேல் இவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

"எரியுது" என்றார்.

"எனக்கும் எரிஞ்சிகினுதாங்க இருந்துச்சி" என்றாள் மலர்கொடி. "கண்ணாலம் கட்டி வந்த நாள்லேர்ந்து. இரும்பத் தொட்டா நெனச்சத செய்யற கை உங்களுக்கு. எனக்கு என்னா இருந்துச்சி, சோறாக்கற கைதான. அதனாலதான் ஒரு நாளும் உங்கள நல்லா செஞ்சிருக்கீங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் இன்னும் அம்மனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். குருக்கள் அடுத்த அம்பை எடுத்தார்.

"இப்ப?" என்று கேட்டார் கொளஞ்சிநாதன்.

"இப்ப கொஞ்சம் கொறஞ்சிருக்குது" என்றாள்.